ஃபைல் சர்வரில் குரூப்களுக்கு ஃபோல்டர் அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள பதில்கள் விண்டோஸ் சர்வர், ஆக்டிவ் டைரக்டரி டொமைன் (யூசர், குரூப் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு), என்டிஎஃப்எஸ் டிரைவ் (ஃபைலுக்கு ஃபைல் அனுமதி வைக்க விடும் டிரைவ் வடிவம்) மூன்றும் இருக்கும் அலுவலகத்துக்கானவை. டொமைன் இல்லாத இடத்துக்கும் லினக்ஸ் சர்வருக்கும் கடைசியில் ஒவ்வொரு கேள்வி இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு நடுத்தர நிறுவனம்: கணக்கு, பணியாளர், விற்பனை, ஸ்டோர்ஸ் என நான்கு பிரிவுகள், ஐம்பது யூசர்கள், சர்வரின் டி டிரைவில் "அலுவலகம்" என்ற ஃபோல்டர், அதற்குள் பிரிவுக்கு ஒரு ஃபோல்டர்.

ஷேரிங் டேபிலும் அனுமதி இருக்கிறது, செக்யூரிட்டி டேபிலும் இருக்கிறது. எதில் கொடுப்பது?

வெளிக்கதவு, உள்கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் அனுமதி நெட்வொர்க் வழியாக வருபவருக்கு மட்டும்தான். அதில் ரீட், சேஞ்ச், ஃபுல் கன்ட்ரோல் என மூன்றே நிலைகள். செக்யூரிட்டி டேபில் இருப்பது என்டிஎஃப்எஸ் அனுமதி. நெட்வொர்க்கில் வந்தாலும் சர்வர் முன்னால் உட்கார்ந்தாலும் அது பொருந்தும். நெட்வொர்க்கில் வருபவருக்கு இரண்டுமே இடம் கொடுக்க வேண்டும், எது குறைவோ அதுதான் செல்லும்.

புது ஷேர் உருவாக்கினால் எவ்ரிஒன் குரூப்புக்கு ரீட் மட்டும்தான் தானாக வரும். "செக்யூரிட்டியில் மாடிஃபை (படிக்க, எழுத, அழிக்க அனுமதி) கொடுத்திருக்கிறேன், ஆனால் சேவ் ஆகவில்லை" என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நடைமுறையில் ஷேரில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு சேஞ்ச், நிர்வாகக் குரூப்புக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிட்டு, மற்ற எல்லா நுணுக்கத்தையும் என்டிஎஃப்எஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஷேரில் எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் கொடுப்பவர்களும் நிறைய. அதுவும் வேலை செய்யும், ஒரு ஓட்டையோடு. ஒரு ஃபைலை உருவாக்கியவரே அதன் ஓனர். ஓனருக்கு அனுமதிப் பட்டியலை மாற்றும் உரிமை இயல்பாகவே உண்டு. ஷேரில் சேஞ்ச் மட்டும் இருந்தால், தன் ஃபைலாக இருந்தாலும் நெட்வொர்க் வழியாக அனுமதியை மாற்ற முடியாது. யூசர் ஒருவர் தன் ஃபோல்டரிலிருந்து மேலாளரையே நீக்கிவிடும் கூத்து இதனால் நின்றுபோகும்.

நாலு பேர்தான். ஆளுக்கு நேரடியாகக் கொடுத்துவிட்டால் என்ன?

நாலு பேர் ஆறு மாதத்தில் ஏழு பேர் ஆவார்கள், அதில் இரண்டு பேர் பிரிவு மாறுவார்கள். அப்போது ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பெயரைத் தேட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு: அனுமதியை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த ஃபோல்டருக்குக் கீழே உள்ள எல்லா ஃபைலிலும் சர்வர் பட்டியலை மாற்றி எழுதுகிறது. பல லட்சம் ஃபைல் இருக்கும் ஃபோல்டர் மரத்தில் இதற்கு நெடுநேரம் ஆகும். நடுவில் நிறுத்தினால் பாதி ஃபைலுக்குப் புது அனுமதி, பாதிக்குப் பழையது. ஒருவரைக் குரூப்பில் சேர்க்க சர்வரில் ஒரு ஃபைலைக்கூடத் தொட வேண்டியதில்லை.

வழக்கமான முறை இரண்டு அடுக்கு. "கணக்கு-ஆட்கள்" என்ற குளோபல் குரூப்பில் மனிதர்கள் இருப்பார்கள். "கணக்கு-எழுத", "கணக்கு-படிக்க" என்ற இரண்டு டொமைன் லோக்கல் குரூப்கள் ஃபோல்டரில் அனுமதி பெறும். முதல் குரூப்பை இரண்டாம் அடுக்கில் உறுப்பினராக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர்களுக்குக் கணக்கு ஃபோல்டரைப் பார்க்க மட்டும் விட வேண்டுமா? அவர்கள் குரூப்பை "கணக்கு-படிக்க"வில் சேர்த்தால் போதும், ஃபோல்டர் பக்கமே போக வேண்டாம். இருபது பேருக்குள் இருக்கும் ஒற்றை டொமைன் அலுவலகத்தில் குளோபல் அடுக்கைத் தவிர்த்தாலும் குடி முழுகிவிடாது. ஆனால் படிக்க ஒன்று, எழுத ஒன்று என்ற பிரிவினையை விட்டுவிடாதீர்கள்.

உருவாக்கும்போது குரூப் வகை செக்யூரிட்டி என்று இருக்கிறதா எனப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூஷன் குரூப் மின்னஞ்சலுக்கு மட்டும், அதை வைத்து அனுமதி தர முடியாது.

புதிதாக ஒரு சர்வரில் ஆரம்பிக்கிறேன். வரிசையாக என்ன செய்ய வேண்டும்?

முதலில் தாய் ஃபோல்டரான "அலுவலகம்". அதன் பிராபர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ் அழுத்துங்கள். இன்ஹெரிட்டன்ஸ் என்பது மேல் ஃபோல்டரின் அனுமதி தானாகக் கீழே வருவது. இரண்டு வழி கேட்கும். "கன்வர்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "ரிமூவ்" கொடுத்தால் பட்டியல் காலியாகி நீங்களே வெளியே நிற்பீர்கள். இனி பட்டியலில் சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டையும் ஃபுல் கன்ட்ரோலோடு வைத்துக்கொண்டு, யூசர்ஸ் என்று இருக்கும் எல்லா வரியையும் கிரியேட்டர் ஓனர் வரியையும் நீக்குங்கள்.

இந்த இரண்டையும் நீக்காமல் விடுவதுதான் பாதிக் குழப்பத்துக்கு வேர். டி டிரைவின் மூலத்திலேயே யூசர்ஸ் குரூப்புக்குப் படிக்கவும் புது ஃபோல்டர் உருவாக்கவும் அனுமதி இருக்கும். அது கீழே ஒழுகி வருவதால்தான் பணியாளர் பிரிவின் சம்பளப் பட்டியலை ஸ்டோர்ஸில் இருப்பவர் திறந்து படிக்கிறார். கிரியேட்டர் ஓனர் வரி, ஃபோல்டர் உருவாக்கியவருக்கு அதன் மேல் ஃபுல் கன்ட்ரோல் தருகிறது.

அடுத்து அதே "அலுவலகம்" ஃபோல்டரில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு ரீட் அண்ட் எக்ஸிகியூட் கொடுங்கள். ஆனால் "அப்ளைஸ் டு" பெட்டியில் "திஸ் ஃபோல்டர் ஒன்லி" தேர்வு செய்யுங்கள். எல்லாரும் உள்ளே நுழைந்து பிரிவுகளின் பெயரைப் பார்க்கலாம், அதற்குக் கீழே எதுவும் கிடைக்காது.

பிறகு "கணக்கு" ஃபோல்டர். இங்கே இன்ஹெரிட்டன்ஸை நிறுத்த வேண்டாம், சேர்ப்பது மட்டும்தான். "கணக்கு-படிக்க" குரூப்புக்கு ரீட் அண்ட் எக்ஸிகியூட், இந்த ஃபோல்டர், துணை ஃபோல்டர், ஃபைல் எல்லாவற்றுக்கும். "கணக்கு-எழுத" குரூப்புக்கு இரண்டு வரிகள். ஒன்று, மாடிஃபை, "சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ் ஒன்லி". இரண்டாவது, "திஸ் ஃபோல்டர் ஒன்லி" என்று வைத்து, "ஷோ அட்வான்ஸ்டு பெர்மிஷன்ஸ்" திறந்து, ரீட் அண்ட் எக்ஸிகியூட்டோடு கிரியேட் ஃபைல்ஸ், கிரியேட் ஃபோல்டர்ஸ் இரண்டையும் டிக் செய்வது. ஏன் இரண்டாகப் பிரிக்கிறோம் என்பது இதற்கு அடுத்து வரும் நான்காவது கேள்வியில் இருக்கிறது.

கடைசியில்தான் ஷேர். "அலுவலகம்" ஒன்றை மட்டும் ஷேர் செய்யுங்கள், பிரிவுக்கு ஒரு ஷேர் வேண்டாம். ஷேரிங் டேபில் மேலே உள்ள "ஷேர்" பொத்தான் என்டிஎஃப்எஸ் அனுமதியையும் சேர்த்துக் கலைத்துவிடும். கீழே உள்ள "அட்வான்ஸ்டு ஷேரிங்" வழியாகப் போங்கள்.

சரிபார்க்க அட்வான்ஸ்டு ஜன்னலில் "எஃபெக்டிவ் ஆக்சஸ்" டேப் இருக்கிறது. ஒரு யூசர் பெயரைக் கொடுத்தால் எது பச்சை, எது சிவப்பு என்று காட்டும். அதோடு நிற்காமல் ஒரு சோதனை யூசரில் லாகின் செய்து ஃபைல் உருவாக்கி, பெயர் மாற்றி, அழித்துப் பாருங்கள்.

குரூப்பில் சேர்த்துவிட்டேன். இன்னும் "ஆக்சஸ் டினைடு" என்கிறது. ஏன்?

பத்தில் எட்டு முறை காரணம் ஒன்றே: அவர் இன்னும் லாகாஃப் செய்யவில்லை. ஒருவர் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்ற பட்டியல் லாகின் செய்யும் கணத்தில் தயாராகி அவரது டோக்கனில் (விண்டோஸ் அவருக்குத் தரும் அடையாளச் சீட்டில்) உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் ஆக்டிவ் டைரக்டரியில் செய்யும் மாற்றம் அந்த டோக்கனுக்குத் தெரியாது. திரையை லாக் செய்து திறப்பது போதாது, மூடியைச் சாத்தி லேப்டாப்பைத் தூங்க வைப்பதும் போதாது. லாகாஃப் செய்து மறுபடி லாகின் செய்யச் சொல்லுங்கள்.

அப்படியும் வரவில்லையா? கிளை அலுவலகத்தில் தனி டொமைன் கன்ட்ரோலர் (ஆக்டிவ் டைரக்டரியின் பிரதியை வைத்திருக்கும் சர்வர்) இருந்தால், தலைமையகத்தில் செய்த மாற்றம் அங்கே போய்ச் சேர நேரம் ஆகும். இரண்டு சைட்களுக்கு இடையே இயல்பாக வைத்திருக்கும் இடைவெளி 180 நிமிடம். அதை 15 நிமிடம் வரை குறைக்கலாம்.

மூன்றாவது சாத்தியம், அவரது கணினி வேறு யூசர் பெயரில் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கலாம். எப்போதோ அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து ஒரு டிரைவ் மேப் செய்திருப்பார்கள், அது கிரெடென்ஷியல் மேனேஜரில் (விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் இடத்தில்) தங்கிவிடும். ஒரே சர்வருக்கு ஒரே லாகினிலிருந்து இரண்டு பெயரில் இணைய விண்டோஸ் விடாது. 1219 என்ற எண்ணோடு பிழை வந்தால் இதுதான். "நெட் யூஸ்" கட்டளையில் பழைய இணைப்புகளைப் பார்த்து நீக்கி, கிரெடென்ஷியல் மேனேஜரையும் சுத்தம் செய்யுங்கள்.

வேலையை விட்டுப் போனவரைக் குரூப்பிலிருந்து நீக்கினேன். உடனே அடைபட்டுவிடுமா?

அடைபடாது. மேலே சொன்ன அதே டோக்கன் இங்கே எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. சர்வரில் நுழைய டொமைன் தரும் கெர்பரோஸ் டிக்கெட்டின் இயல்பான ஆயுள் 10 மணி நேரம். அக்கவுண்டையே டிசேபிள் செய்தாலும், கையில் இருக்கும் டிக்கெட் சர்வரில் கொஞ்ச நேரம் செல்லும்.

உடனடியாக நிறுத்த வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரில் அவர் பெயருக்கே நேரடியாக டினை (மறுப்பு) போடுங்கள். பெயர் டோக்கனில் ஏற்கெனவே இருப்பதால் அடுத்த ஃபைல் திறக்கும்போதே தடுக்கும். திறந்து வைத்திருக்கும் ஃபைல்களை கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் போய் மூடுங்கள். அடுத்த நாள் மறக்காமல் அந்த டினை வரியை எடுத்துவிடுங்கள்.

வேறு எங்கெல்லாம் டினை போடலாம்?

கிட்டத்தட்ட எங்குமே வேண்டாம். அனுமதி கொடுக்காமல் இருப்பதே மறுப்புதான். "எல்லாருக்கும் அலவ் (அனுமதி), பயிற்சியாளர்களுக்கு டினை" என்று ஆரம்பித்தால், பயிற்சியாளர் குரூப்பிலும் கணக்கு குரூப்பிலும் ஒரே ஆள் இருக்கும் நாளில் மண்டை காயும்.

இன்னொரு தப்பெண்ணமும் உண்டு, டினை எப்போதும் ஜெயிக்கும் என்று. சர்வர் பட்டியலைப் படிக்கும் வரிசை இது: அந்த ஃபோல்டரிலேயே நேரடியாகப் போட்ட டினை, நேரடியாகப் போட்ட அலவ், மேலிருந்து வந்த டினை, மேலிருந்து வந்த அலவ். ஆகவே மேல் ஃபோல்டரில் டினை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது, கீழே ஒரு ஃபோல்டரில் நேரடியாகக் கொடுத்த அலவ் அதைத் தாண்டிக்கொண்டு போகும்.

யாரோ கணக்கு ஃபோல்டரையே விற்பனை ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டுவிட்டார்கள். தடுக்க முடியுமா?

முடியும், அதற்காகத்தான் மாடிஃபையை இரண்டு வரியாகப் பிரித்தோம். ஒரு ஃபோல்டரை நகர்த்தவோ அழிக்கவோ வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரின் மேலேயே டிலீட் உரிமை வேண்டும், அல்லது அதன் தாய் ஃபோல்டரில் "டிலீட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்" உரிமை வேண்டும். சாதாரணமாக மாடிஃபை கொடுத்தால் டிலீட்டும் சேர்ந்தே வருகிறது. மவுஸ் கை நழுவிய ஒரு நொடியில் முழு மரமும் இடம் மாறிவிடும்.

மாடிஃபை உள்ளே இருப்பவற்றுக்கு மட்டும், மேல் ஃபோல்டருக்கு வெறும் உருவாக்கும் உரிமை என்று வைத்தால், உள்ளே எல்லா வேலையும் நடக்கும், "கணக்கு" என்ற ஃபோல்டர் மட்டும் அசையாது. உள்ளே "2024-25", "2025-26" என்று இருக்கும் ஆண்டு ஃபோல்டர்கள் இன்னமும் நகரும். அவற்றையும் ஆணியடிக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் புது ஃபோல்டரில் அதே வேலையைச் செய்ய ஆள் வேண்டும். முதல் அடுக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காணாமல் போன ஃபோல்டரை பேக்கப்பிலிருந்து எடுக்கும் முன் பக்கத்து ஃபோல்டர்களில் ஒரு முறை தேடிப்பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

மாடிஃபைக்கும் ஃபுல் கன்ட்ரோலுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

மூன்று உரிமைகள்: அனுமதியை மாற்றுவது, ஓனர் பொறுப்பை எடுத்துக்கொள்வது, உள்ளே இருப்பதைத் தனி டிலீட் உரிமை இல்லாமலேயே அழிப்பது. யூசருக்கு இவற்றில் எதுவும் தேவைப்படாது. "ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தால்தான் எங்கள் சாஃப்ட்வேர் ஓடும்" என்று விற்பனையாளர் சொன்னால் மாடிஃபையில் ஓட்டிப் பாருங்கள். அநேகமாக ஓடும்.

சேர்க்கலாம், திருத்தலாம், ஆனால் அழிக்கக் கூடாது. இப்படி வைக்க முடியுமா?

நிர்வாகம் கேட்கும் கோரிக்கைகளில் முதலிடம் இதற்குத்தான். டிலீட் டிக்கை எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். நோட்பேடில் சோதித்தால் சரியாகவே வேலை செய்யும். வேர்டும் எக்ஸலும் அப்படி இல்லை. "விலைப்பட்டியல்" என்ற எக்ஸல் ஃபைலைத் திருத்தி சேவ் அழுத்தும்போது, எக்ஸல் அதே ஃபைலின் மேல் எழுதுவதில்லை. பக்கத்தில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, அதில் முழுவதையும் எழுதி, பழையதை அகற்றிவிட்டு, புதியதற்குப் பழைய பெயரை வைக்கிறது. பெயர் மாற்றவும் அகற்றவும் டிலீட் உரிமை வேண்டும். அது இல்லையென்றால் சேவ் தோற்றுப்போகும், ஃபோல்டரில் எட்டு எழுத்துப் பெயரோடு டிஎம்பி ஃபைல்கள் குப்பையாகச் சேரும். அலை கோடும் டாலர் குறியுமாகத் தொடங்கும் மறைவு ஃபைலும் அழியாமல் தங்கி, "வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்" என்று பொய் சொல்லும்.

ஆகவே ஆபீஸ் ஃபைல்களுக்கு இந்த வழி ஒத்துவராது. நோக்கத்தைப் பார்த்து வேறு வழி போங்கள். முடிந்துபோன ஆண்டின் கோப்புகள் என்றால் "காப்பகம்" என்று தனி ஃபோல்டர், எல்லாருக்கும் படிக்க மட்டும், எழுத இரண்டு பேர் உள்ள ஒரு குரூப். ஸ்கேனர் கொண்டுவந்து போடும் ஃபோல்டர் என்றால் ஸ்கேனரின் அக்கவுண்டுக்கு எழுத மட்டும். தவறி அழிப்பதுதான் பயம் என்றால் ஷேடோ காப்பி, அதாவது டிரைவின் பழைய நிலையை அவ்வப்போது பிரதி எடுத்து வைக்கும் வசதி.

ஷேடோ காப்பியை டிரைவின் பிராபர்டீஸில் இயக்கலாம். இயல்பான அட்டவணை வேலைநாட்களில் காலை 7 மணி, பகல் 12 மணி. ஒரு டிரைவுக்கு 64 பிரதிகள் வரை நிற்கும், அதன்பின் பழையது கழியும். யூசரே ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து "பிரீவியஸ் வெர்ஷன்ஸ்" வழியாக எடுத்துக்கொள்ளலாம். அதே சர்வரில் இருப்பதால் டிஸ்க் போனால் இதுவும் போகும், பேக்கப் தனியாக இருக்கத்தான் வேண்டும்.

கணக்கு ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டரை மட்டும் மேலாளர் பார்க்க வேண்டும், மற்றவர்கள் பார்க்கக் கூடாது.

அந்த ஃபோல்டரில் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்தி, கன்வர்ட் செய்து, கணக்கு குரூப்களை நீக்கி, "கணக்கு-மேலாளர்-எழுத" குரூப்பைச் சேர்த்தால் வேலை முடிந்தது. ஆனால் செய்யாதீர்கள். மூன்றாம் நான்காம் அடுக்கில் இப்படி உடைத்தவை யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருக்கும். மேலே ஒரு மாற்றம் செய்தால் அங்கே போகாது. ஏன் போகவில்லை என்று அடுத்து வருபவர் தேடிக்கொண்டிருப்பார்.

"அலுவலகம்" கீழேயே "கணக்கு-மேலாண்மை" என்று தனி ஃபோல்டர் வைப்பது சுத்தமான வழி. அனுமதி வேறு என்றால் ஃபோல்டரும் வேறு, அதுவும் மேல் அடுக்கில். முதல் அடுக்கைப் பார்த்தாலே யாருக்கு என்ன என்று முழுப் படமும் தெரிந்துவிட வேண்டும்.

எதிர்மாறான கேள்வியும் வரும்: மேல் ஃபோல்டரில் அனுமதி இல்லாமல் உள் ஃபோல்டரை மட்டும் ஒருவருக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். "பைபாஸ் டிராவர்ஸ் செக்கிங்" என்ற உரிமை விண்டோஸில் எல்லாருக்கும் இயல்பாக இருப்பதால், முழு முகவரியை நேரடியாகக் கொடுத்தால் திறக்கும். ஒவ்வொரு அடுக்காகக் கிளிக் செய்து போக முடியாது, அவ்வளவுதான். ஒரு ஷார்ட்கட் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அனுமதி இல்லாத ஃபோல்டர் கண்ணிலேயே படாமல் மறைக்கலாமா?

"ஆக்சஸ் பேஸ்டு எனுமரேஷன்" என்ற வசதி அதற்குத்தான். சர்வர் மேனேஜரில் ஃபைல் அண்ட் ஸ்டோரேஜ் சர்வீசஸ், ஷேர்ஸ், அந்த ஷேரின் பிராபர்டீஸ், செட்டிங்ஸ். ஒரே டிக். விற்பனைக்காரர் உள்ளே போனால் விற்பனை ஃபோல்டர் மட்டும் தெரியும். "ஏன் எனக்கு இது திறக்கவில்லை" என்ற போன் அழைப்புகள் பாதியாகக் குறையும். நெட்வொர்க்கில் பார்ப்பவருக்கு மட்டும்தான் இது, சர்வரிலேயே லாகின் செய்தால் எல்லாப் பெயரும் தெரியும்.

ஷேர் பெயரின் கடைசியில் டாலர் குறி சேர்ப்பது வேறு விஷயம். அது ஷேரைப் பட்டியலிலிருந்து மறைக்கும், பாதுகாப்பு எதுவும் தராது.

ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைலை நகர்த்தினால் புது இடத்து ஆட்களுக்குத் திறக்கவில்லை. காப்பி செய்தால் திறக்கிறது.

காப்பி என்பது புது ஃபைல், போய்ச்சேர்ந்த ஃபோல்டரின் அனுமதியை வாங்கிக்கொள்ளும். ஒரே டிரைவுக்குள் நகர்த்தும்போது புது ஃபைல் எதுவும் உருவாவதில்லை, இருக்கும் ஃபைலின் முகவரி மட்டும் மாறுகிறது, பழைய அனுமதிப் பட்டியல் அதோடு ஒட்டிக்கொண்டே வரலாம். வேறு டிரைவுக்கு நகர்த்தினால் அது உள்ளுக்குள் காப்பி செய்து அழிப்பதுதான், ஆகவே இந்தச் சிக்கல் வராது.

சரிசெய்ய, அந்த ஃபோல்டர் மேல் ஐகேகல்ஸ் (icacls) கட்டளையை ரீசெட் சுவிட்சோடும், துணை ஃபோல்டர்களுக்கும் போக டி சுவிட்சோடும் ஓட்டுங்கள். நேரடியாகக் கொடுத்த அனுமதிகளைத் துடைத்துவிட்டு மேலிருந்து வருவதை மட்டும் வைக்கும். இதை "கணக்கு" ஃபோல்டரின் மேலேயே ஓட்டினால் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட வரிகளும் போய்விடும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களில் மட்டும் ஓட்டுங்கள்.

எந்தப் பெரிய மாற்றத்துக்கும் முன்னால் அதே ஐகேகல்ஸை சேவ் சுவிட்சோடு ஓட்டி, இருக்கும் அனுமதிகளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எடுத்து வையுங்கள். திரும்பப் போடும்போது ரெஸ்டோர் சுவிட்சை அந்த ஃபோல்டர் மேல் அல்ல, அதன் தாய் ஃபோல்டர் மேல் ஓட்ட வேண்டும். சேமித்த ஃபைலில் முகவரிகள் அப்படித்தான் பதிவாகியிருக்கும். "பாத் கிடைக்கவில்லை" என்று ரெஸ்டோர் முறைத்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

நான் அட்மினிஸ்ட்ரேட்டர். எனக்கே "கன்டின்யூ" அழுத்தச் சொல்லி ஜன்னல் வருகிறது. அழுத்தலாமா?

அழுத்தாதீர்கள். சர்வரிலேயே லாகின் செய்து எக்ஸ்புளோரரில் திறக்கும்போது, யூஏசி (அட்மின் அதிகாரத்தைக் கேட்டுத்தான் தரும் விண்டோஸ் பாதுகாப்பு) காரணமாக உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் உறுப்பினர் தகுதி செயலில் இருக்காது. கன்டின்யூ அழுத்தியதும் விண்டோஸ் உங்கள் சொந்தப் பெயரை அந்த ஃபோல்டரிலும் கீழே உள்ள எல்லாவற்றிலும் நிரந்தரமாக எழுதிவிடும். இரண்டு மூன்று அட்மின்கள் மாறிய சர்வரில் செக்யூரிட்டி டேபைத் திறந்தால், போனவர்கள் பெயரெல்லாம் வரிசையாக நிற்பது இப்படித்தான்.

"ஃபைல்-நிர்வாகிகள்" என்று தனிக் குரூப் உருவாக்கி, "அலுவலகம்" மேல் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்து, உங்களை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். யூஏசி உள்ளமைந்த அட்மின் குரூப்களைத்தான் முடக்கும், நீங்கள் உருவாக்கியதை அல்ல.

பட்டியலில் பெயருக்குப் பதில் "எஸ்-1-5-21" என்று தொடங்கும் நீண்ட எண் தெரிகிறது.

அந்த யூசரோ குரூப்போ ஆக்டிவ் டைரக்டரியில் அழிக்கப்பட்டுவிட்டது, அதன் அடையாள எண் மட்டும் ஃபோல்டரில் மிச்சம். நீக்கிவிடலாம். ஆனால் எல்லா வரியும் எண்ணாகத் தெரிந்தால் கை வைக்காதீர்கள். சர்வர் டொமைன் கன்ட்ரோலரோடு பேச முடியாமல் இருக்கிறது என்று பொருள். டிஎன்எஸ் (பெயரை வைத்து சர்வரைக் கண்டுபிடிக்கும் சேவை) சரியா எனப் பாருங்கள். இன்னொன்று, அழித்த யூசரை அதே பெயரில் புதிதாக உருவாக்கினால் பழைய அனுமதி திரும்பாது, எண் வேறு.

யார் அழித்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முன்கூட்டியே ஆடிட் (யார் என்ன செய்தார் என்ற பதிவு) போட்டிருந்தால் மட்டும். குரூப் பாலிசியில் அட்வான்ஸ்டு ஆடிட் பாலிசி, ஆப்ஜெக்ட் ஆக்சஸ், ஆடிட் ஃபைல் சிஸ்டம் என்பதை சக்சஸுக்கு இயக்க வேண்டும். அதோடு ஃபோல்டரின் ஆடிட்டிங் டேபில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸைச் சேர்த்து, டிலீட், டிலீட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ் இரண்டை மட்டும் டிக் செய்யுங்கள். படிப்பதையும் சேர்த்து ஆடிட் செய்தால் லாக் வெள்ளமாகிவிடும்.

செக்யூரிட்டி லாகில் 4663 என்ற எண்ணில் ஃபைல் பெயரும் ஆளும் கிடைக்கும், 4660 அழிந்ததை உறுதி செய்யும். மேலே சொன்ன எக்ஸல் சேவ் பழக்கம் நினைவிருக்கட்டும்: ஒவ்வொரு சேவும் ஒரு டிலீட்டாகப் பதிவாகும். ஆளைக் குற்றம் சாட்டும் முன் அதைக் கழித்துப் பாருங்கள். செக்யூரிட்டி லாக் ஃபைலின் இயல்பான அளவு 20 எம்பி, அது பரபரப்பான சர்வரில் சில மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது, கூட்டி வையுங்கள்.

டேலி டேட்டா ஃபோல்டருக்கு என்ன அனுமதி?

ஷேர் ஃபோல்டரில் டேட்டா வைத்துப் பல கணினிகளில் திறக்கும் முறையில், என்ட்ரி போடும் ஒவ்வொருவருக்கும் அந்த ஃபோல்டரில் மாடிஃபை இருந்தாக வேண்டும். டேலிக்குள் இருக்கும் யூசர் கட்டுப்பாடு எக்ஸ்புளோரரில் செல்லாது, ஃபோல்டரைக் கண்டால் எவரும் அழிக்கலாம். ஆகவே தனி ஷேர், டாலர் குறியோடு, டேலி குரூப்புக்கு மட்டும், டிரைவ் எழுத்து மேப் செய்யாமல். ராத்திரி பேக்கப் கட்டாயம்.

பழைய சர்வரிலிருந்து புதியதற்கு அனுமதியோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

எக்ஸ்புளோரரில் காப்பி செய்தால் அனுமதி வராது. விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையும் இயல்பாக டேட்டா, ஆட்ரிபியூட், தேதி மூன்றை மட்டுமே எடுக்கும். காப்பிஆல் சுவிட்ச் கொடுத்தால்தான் அனுமதி, ஓனர், ஆடிட் விவரமும் வரும். வெள்ளிக்கிழமை ஒரு முறை ஓட்டி, ஞாயிறு மீதியை ஓட்டுவது வழக்கம். இடையில் அனுமதி மட்டும் மாறிய ஃபைல்களை இரண்டாம் ஓட்டம் தாண்டிப் போய்விடும். செக்ஃபிக்ஸ் சுவிட்சும் சேர்த்தால் அவையும் சரியாகும்.

பழைய சர்வரின் சொந்த லோக்கல் குரூப்களுக்குக் கொடுத்த அனுமதி புதியதில் வெறும் எண்ணாக நிற்கும். மாற்றுவதற்கு முன்பே டொமைன் குரூப்களாக மாற்றிவிடுங்கள். ஷேர் விவரம் ஃபோல்டரோடு வராது, ரெஜிஸ்ட்ரியில் லேன்மேன்சர்வர் சர்வீஸின் கீழ் உள்ள ஷேர்ஸ் கீயில் இருக்கிறது. டிரைவ் எழுத்தும் ஃபோல்டர் முகவரியும் இரண்டு சர்வரிலும் ஒன்றேயானால் அதை எக்ஸ்போர்ட் செய்து புதியதில் இம்போர்ட் செய்துகொள்ளலாம்.

டொமைன் இல்லை. விண்டோஸ் 11 கணினி ஒன்றைத்தான் சர்வராக வைத்திருக்கிறோம்.

புரோ பதிப்பாக இருக்கட்டும், ஹோமில் லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் ஜன்னலே கிடையாது. ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் ஏற்காது. ஒவ்வொரு யூசருக்கும் அந்தக் கணினியில் ஒரு அக்கவுண்ட் வேண்டும். அவரவர் கணினியில் இருக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு என்றால் கேட்காமலே திறக்கும். பாஸ்வேர்டு இல்லாத அக்கவுண்ட் நெட்வொர்க்கில் ஏற்கப்படாது. குரூப் உருவாக்கி அனுமதி கொடுக்கும் முறையில் மாற்றமில்லை.

லினக்ஸில் சாம்பா (விண்டோஸ் கணினிகளுக்கு ஃபோல்டரை ஷேர் செய்யும் சாஃப்ட்வேர்) வைத்திருக்கிறோம். ஒருவர் போட்ட ஃபைலை இன்னொருவர் திருத்த முடியவில்லை.

புது ஃபைல், உருவாக்கியவரின் சொந்தக் குரூப்புக்குப் போய்விடுகிறது. ஃபோல்டரின் குரூப்பை "கணக்கு" என்று மாற்றி, 2770 என்று மோட் வையுங்கள். முன்னால் உள்ள 2தான் செட்ஜிஐடி, அது இருந்தால் உள்ளே உருவாகும் எல்லாம் ஃபோல்டரின் குரூப்பையே எடுத்துக்கொள்ளும். சாம்பா கான்ஃபிக் ஃபைலில் கிரியேட் மாஸ்க் 0660, டைரக்டரி மாஸ்க் 2770 என்று ஷேரில் கொடுங்கள். ஏற்கெனவே தவறான குரூப்பில் கிடக்கும் ஃபைல்கள் இதனால் மாறாது, அவற்றை ஒரு முறை கையால் மாற்ற வேண்டும்.